சுவரிலே வந்த விருந்தாளி

சென்ற மாதம் ஒரு நாள் காலை, காபி டம்ளரைக் கையில் எடுத்த சமயம், கும்மிடிப்பூண்டியிலிருந்து அக்காள் கைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். படத்தின் பின்னாலேயே அவளுடைய குரலும் வந்து சேர்ந்தது.

"ஏண்டி, காலேஜில் விலங்கியல் படித்தவள் நீதானே! இது என்ன பூச்சி, விஷமா என்று சொல். அத்தைக்கு நேற்று ராத்திரியிலிருந்து விலாவிலே ஒரே எரிச்சல். சமையலறைச் சுவரிலே இது உட்கார்ந்திருக்கிறது. மேலே ஊர்ந்து எச்சம் வைத்துவிட்டது என்கிறார். துடைப்பத்தை எடுக்கட்டுமா?"

"எடுக்காதே! நசுங்கிப்போனால் அப்புறம் அது யார் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது" என்றேன்.

அக்காள் அவசரத்தில் எடுத்த படமானாலும் நல்ல படம். பக்கத்திலே சுவிட்சுப் பலகை தெரிந்தது. அளவு பார்க்க அதைவிட வேறென்ன வேண்டும்? கால்களை விரித்தால் உள்ளங்கை அகலம் இருக்கும். சுற்றிலும் வலை இல்லை. கால்கள் நண்டின் கால்களைப் போலப் பக்கவாட்டில் விரிந்திருந்தன. உடம்பு பழுப்பு, முகத்தின் குறுக்கே வெளிறிய ஒரு பட்டை. வயிற்றுக்கு அடியிலே, பெரிய சட்டைப் பொத்தான் போல வட்டமான வெள்ளைத் தட்டு ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தது. அது முட்டைப் பை. ஆகவே வந்திருந்தவள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி!

இவளுக்கு ஹெட்டரோபோடா வெனட்டோரியா என்று பெயர். 1767-ல் லின்னேயஸ் வைத்த பெயரில் 'வெனட்டோரியா' என்றால் வேட்டைக்காரி என்று அர்த்தம். வலை பின்னிக் காத்திருக்கும் பொறுமை இவளுக்குக் கிடையாது. இரவிலே ஓடிப்போய்க் கரப்பான் பூச்சியைப் பிடிப்பாள். வாழைத்தாரிலும் மரப்பெட்டியிலும் ஒளிந்துகொண்டு கப்பலேறி, உலகத்தின் வெப்ப நாடுகளெல்லாம் குடியேறியவள். சிப்காட் தொழிற்பேட்டைக்கு லாரி லாரியாகச் சரக்கு வந்து இறங்கும் ஊரிலே இவள் இருப்பதில் என்ன அதிசயம்? கையில் பிடித்து அழுத்தினால் கடிப்பாள். கடித்த இடம் சற்று வலிக்கும், வீங்கும். மற்றபடி மனிதரைக் கண்டால் ஓடுவதுதான் இவள் வழக்கம்.

நம் வீடுகளில் அடிக்கடி தென்படும் மற்ற இருவரையும் சொல்லிவிடுகிறேன். மூலையில் நூல் போன்ற நீண்ட கால்களோடு தொங்கி, தொட்டால் கிடுகிடுவென்று ஆடுவது ஒன்று. ஒட்டடைக்கு முக்கியக் காரணம் அதுதான். சுவரிலே தத்தித் தத்தித் தாவி, இரண்டு பெரிய கண்களால் நம்மைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. இவற்றால் நமக்கு ஆபத்தில்லை.

ஆனால் எல்லாவற்றையும் படத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியாது. உலகத்தில் பெயர் சூட்டப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-ல் 50,000-ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் பலவற்றை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தால்தான் இன்னது என்று நிச்சயிக்க முடியும். படம் எடுக்கிறவர்கள் மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, வலை இருந்தால் அதை ஒன்று என்று எடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது அக்காளுக்கு மூச்சு வந்தது. எனக்குத்தான் மனம் சமாதானமாகவில்லை. சிலந்தி இல்லையென்றால் அந்த எரிச்சல் எதனால்?

"அத்தையின் விலாவையும் ஒரு படம் எடுத்து அனுப்பு" என்றேன்.

இரண்டாவது படம் வந்தது. வலப் பக்கம் மட்டும், முதுகிலிருந்து மார்பை நோக்கிக் கச்சை கட்டியது போலச் சிவப்பு; அதன்மேல் கொத்துக் கொத்தாகச் சிறு கொப்புளங்கள். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, "அக்கி! காவி எழுதினால் போய்விடும்" என்றாராம்.

அந்த அம்மாள் சொன்ன பெயர் சரிதான் என்று எனக்கும் பட்டது. எட்டுக்கால் பூச்சி ஊர்ந்தால் அக்கி வரும் என்று நாமெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அக்கியைக் கொண்டுவருவது பூச்சி அல்ல. சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்புக்குள்ளே பல வருஷம் தூங்கிக் கிடந்து, முதுமையிலோ உடம்பு தளர்ந்தபோதோ விழித்துக்கொள்கிறது. அது ஒரு நரம்பின் வழியே வருவதால்தான் ஒரே பக்கமாகப் பட்டைபோல் கிளம்புகிறது. காவி குளிர்ச்சியாக இருக்கலாம். வைரஸை அது தடுக்காது. அதைத் தடுக்கும் மாத்திரை உண்டு. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். தாமதித்தால், புண் ஆறிய பிறகும் சிலருக்கு மாதக் கணக்கில் வலி நிற்கும். கண்ணருகே வந்தாலோ பார்வைக்கே ஆபத்து.

"படத்தைப் பார்த்து நோயை முடிவு செய்ய நான் டாக்டர் இல்லை. இன்றைக்கே அழைத்துக்கொண்டு போ. நாளை என்று சொல்லாதே" என்றேன்.

போனார்கள். டாக்டரும் அக்கி என்றுதான் சொன்னார். நல்ல வேளையாக மாத்திரை அன்றே ஆரம்பமாயிற்று. கொப்புளம் உலரும்வரை கைக்குழந்தைகளையும், சின்னம்மை வராத கர்ப்பிணிகளையும் அருகில் விட வேண்டாம் என்றும் எச்சரித்து அனுப்பினார். மூன்று வாரத்தில் புண் ஆறியது. அவருக்கு வலியும் நிற்கவில்லை.

நேற்று அவரே என்னோடு பேசினார். "அந்தப் பூச்சியின் மேல் வீணாகப் பழி போட்டேனே, அம்மா! இப்போது கரப்பான் தொல்லை குறைந்திருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார்.

"முட்டை பொரிந்தால் நூற்றுக்கணக்கில் குஞ்சு வருமே, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "துடைப்பம் எங்கே இருக்கிறது?" என்று அக்காளைக் கேட்கும் குரல் காதில் விழுந்தது.

ஒரு டப்பாவால் மூடி, அடியிலே அட்டையைச் செருகித் தோட்டத்தில் விட்டுவிடும்படி சொல்லியிருக்கிறேன்.