மாளிகை உண்டு, ஜாமீன் இல்லை

1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் கதவு திறந்தது. தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். கடல் கடந்து கடன் கொடுப்பது அன்றைக்கு எங்கள் காரைக்குடிக்காரர்களுக்கு அன்றாட வேலை. அதே ஊரில் இன்று ஒரு பிள்ளை அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் வாங்கிவிட்டு, கல்விக் கடனுக்கு ஜாமீன் காட்ட வழியில்லாமல் நிற்கிறது. அதுவும் எப்பேர்ப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு! முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல், முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.

இடம் பார்க்க வரும் வங்கி மேலாளர் அண்ணாந்து விதானத்தை வியப்பார். காபி குடிப்பார். பிறகு பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அண்ணே, பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

"எங்க ஐயாவுக்கு ஐயா பேர்லதான்."

"பங்காளி எத்தனை புள்ளி?"

"இருபதுக்கு மேல இருக்கும் தம்பி. நாலு புள்ளி கோலாலம்பூர்ல, ரெண்டு புள்ளி சிங்கப்பூர்ல."

புள்ளி என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு தனிக் குடும்பம். அத்தோடு கடன் பேச்சு முடிந்தது. மேலாளரைக் குறை சொல்ல முடியாது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி ஏழரை லட்ச ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து காட்ட வேண்டும். அமெரிக்க எம்.எஸ். படிப்புக்கு அரைக் கோடி என்பது இன்றைக்குச் சாதாரணம். சொத்து என்றால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, எல்லா வாரிசுகளின் கையெழுத்து. பாகம் பிரிக்காத வளவு என்ற கூட்டு வீட்டில் இருபதில் ஒரு பங்கை எந்த வங்கி ஏலம் விடும், யார் எடுப்பார்கள்? பங்காளிகள் பாகம் பிரிக்கவும் மாட்டார்கள். கல்யாணம், சாந்தி, படைப்பு எல்லாம் அங்கேதான் நடக்க வேண்டும். பிரித்த வீடுகள் சிலவற்றின் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் நிற்கின்றன. அதைப் பார்த்தவர்கள் பாகப் பிரிவினை என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. அது நியாயம்தான் என்பேன்.

என் குறை வேறு. பணத்தைப் பற்றிய பேச்சு ஏன் இத்தனை தாமதமாக வருகிறது?

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆள் அனுப்பிய காலத்தில் சம்பளச் சீட்டு என்று ஒன்று எழுதுவார்கள். எத்தனை வருடக் கணக்கு, என்ன சம்பளம், முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் கப்பல் ஏறுமுன் முடிவாகிவிடும். கடைநிலைப் பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாள் என்ற உதவியாளாகி, ஏஜெண்ட்டாகித் திரும்புவான். அந்த ஏற்பாட்டில் இருந்த கெடுபிடிகளை நான் கொண்டாடவில்லை. மூன்று வருடம் பெண்டாட்டி முகம் பார்க்காத வாழ்க்கை அது. ஆனால் வரவு செலவு தெரியாமல் யாரும் கப்பல் ஏறியதில்லை. ஐந்தொகை எழுதப் பழகிய அதே வீடுகள் இன்று கன்சல்டன்சிக்காரர் நீட்டும் பத்துப் பல்கலைக்கழகப் பட்டியலை ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எண்பது, நூறு டாலர் கட்டுகின்றன. இடம் கிடைத்து, மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவத்துக்கு முதல் வருடச் செலவைக் காட்டச் சொல்லிப் பல்கலைக்கழகம் கேட்கும்போதுதான் பத்திரம் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கேயும் வளவு உதவாது. அவர்கள் கேட்பது வங்கி இருப்பு, அல்லது கடன் ஒப்புதல் கடிதம்.

பத்திரம் கேட்காத வழிகளும் உண்டு. அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு நம் பி.டெக். படிப்போடு நேராக விண்ணப்பிக்கலாம் என்பது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாது. அறிவியல், பொறியியல் துறைகளில் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடி, மாதம் உதவித்தொகை. பதிலுக்குப் பாடம் நடத்தவோ ஆய்வகத்தில் உழைக்கவோ வேண்டும். ஐந்து வருடம் ஆகும், உண்மை. 2025இல் ஆய்வு நிதி வெட்டப்பட்டபின் பல துறைகள் ஆள் எடுப்பதைக் குறைத்துவிட்டன என்பதும் உண்மை. ஜெர்மனி இன்னொரு வழி. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் போன்ற சில இடங்கள் விலக்கு. ஆனால் மாதாமாதம் மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றும் வேண்டும். அந்தத் தொகைக்கு யாரும் வளவைக் கேட்க வேண்டியதில்லை. ஆச்சியின் நகை போதும்.

உதவித்தொகை இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் முக்கியம். அதில் எங்கள் ஊர் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) வளாகத்தில் பி.டெக். படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த ஆய்வகம் அது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்தார். அவரும் மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து லண்டன் போய்ப் படித்தவர்தான். மின்கலம், அரிமானம் என்று உலகமே தேடும் வேலை அங்கே பக்கத்து அறையில் நடக்கிறது. ஒரு கோடை விடுமுறையை அந்த அறையில் கழித்த பிள்ளைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத, அவன் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர் இருப்பார்.

மற்ற கல்லூரிகளில் என்ன நடக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். "நீயே எழுதிட்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடுறேன்." பையன் தன்னைத் தானே புகழ்ந்து மூன்று கடிதம் எழுதுகிறான். பிறகு இணையப் படிவத்தில், 'இந்தக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறான்! மூன்றிலும் ஒரே நடை, ஒரே பிழை. எஸ்.ஓ.பி. என்ற நோக்க அறிக்கையோ இன்னும் மோசம். தமிழ்நாட்டில் ஏழு வயதில் வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்க்காத பொறியாளரே இல்லை போலிருக்கிறது. தேர்வுக் குழு கேட்பது சின்ன வயதுக் கதையை அல்ல. எந்தக் கேள்வியோடு வருகிறாய், அதற்கு இங்கே யார் பொருத்தம் என்பதைத்தான்.

வரும் டிசம்பர் கெடுவுக்குள் விண்ணப்பிக்கப்போகும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கன்சல்டன்சிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இரும்புப் பெட்டியைத் திறந்து பத்திரத்தைப் படியுங்கள். தனிப்பேரில் ஒரு மனைகூட இல்லையென்றால், சொந்தப் பணத்தில் படிக்க வேண்டிய எம்.எஸ். இடங்களைப் பட்டியலில் ஒன்றிரண்டாகக் குறைத்து, உதவித்தொகை தரும் துறைகளுக்கு எழுதச் சொல்லுங்கள். உதவித்தொகையோடு இடம் வந்தால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்கப் பட்டமேற்படிப்புத் துறைகளில் பெரும்பாலானவை ஏப்ரல் 15 வரை உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்.