தாத்தாவின் ஹெரால்டுக்கு மாருதி எஞ்சின் போடலாமா?

மன்னார்புரத்திலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் மூன்று போட்டோ அனுப்பியிருந்தார். தார்ப்பாய் பாதி விலகி, தூசு படிந்து நிற்கும் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். தாத்தா வாங்கிய வண்டியாம். தாத்தா இப்போது இல்லை. அண்ணன், "மாருதி எஞ்சின் போட்டு, ஏ.சி. வெச்சு, அலாய் வீல் மாட்டி நானே ஓட்டுறேன்" என்கிறார். அப்பா, "ஒரு ஸ்க்ரூவைக்கூட மாத்தக் கூடாது" என்கிறார். இரண்டு மாதமாக வீட்டில் இதே பஞ்சாயத்து. 'யார் சொல்றது சரி? நீங்க கொஞ்சம் எழுதுங்களேன்' என்பது வாசகியின் கேள்வி.

யார் சரி என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே இருப்பது என்ன வண்டி என்று தெரிந்துகொள்வோம். 2கே கிட்ஸ் பலருக்கு அந்தப் பெயரே புதுசு.

1959-ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் கொண்டுவந்த கார், டிரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிச்செலோட்டி. அதையே நம்ம சென்னையில், வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-லிருந்து தயாரித்தது. ஊர் முழுக்க அம்பாஸடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில், 'மெட்ராஸ் கார்' என்று சொல்லிக்கொள்ள நமக்கு இருந்தது இது ஒன்றுதான். பிறகு நம்ம ஊர்க் குடும்பங்களுக்காக நான்கு கதவு வைத்த மாடலும் வந்தது. 1972-ல் 'கெஸல்' என்று பெயரும் முகமும் மாறியது.

ஹெரால்டின் இரண்டு விஷயங்களைப் பழைய மெக்கானிக்குகள் இன்றும் சிலாகிப்பார்கள். ஒன்று, பானட். மூடி மட்டும் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். இரண்டு, திருப்பம். சுமார் 25 அடி வட்டத்தில் வண்டி திரும்பிவிடும். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் இன்று காரைத் திருப்பப் படும் பாட்டை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

இப்போது அண்ணனுக்குப் பிடித்த செய்தி. ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. அதாவது கீழே ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் பாடி. அந்தச் சட்டத்தைக் குட்டையாக்கித்தான் 1962-ல் டிரையம்ப் 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். கூரை இல்லாத இரண்டு சீட் வண்டி. 1980 வரை, 3 லட்சத்துக்கும் அதிகமாக விற்றது. அதே மிச்செலோட்டி, முன்பக்கம் அப்படியே கவிழும் அதே மாதிரி பானட். ஆக, மன்னார்புரத்தில் தூங்கும் வண்டி ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கூடப்பிறந்த அண்ணன்.

ஸ்பிட்ஃபயர்காரர்களுக்கும் இதே பஞ்சாயத்து உண்டு. இங்கிலாந்தில் பலர் அதில் நவீன எஞ்சின், ஐந்து கியர் பெட்டி என்று மாற்றி ஓட்டுகிறார்கள். இன்னொரு கூட்டம் அதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறது. 2018 மே மாதம் இளவரசர் ஹாரி கல்யாணம் முடிந்து மனைவியோடு ஓட்டிச் சென்ற நீல நிற ஜாகுவார் ஞாபகம் இருக்கிறதா? அது பழைய ஈ-டைப். ஆனால், எஞ்சின் கிடையாது. பேட்டரியும் மோட்டாரும் வைத்து ஜாகுவார் நிறுவனமே மாற்றிய வண்டி. ஜாகுவார் 2008-லிருந்து நம்ம டாடா கையில் இருப்பதால், ஒரு வகையில் அதுவும் நம்ம வீட்டுக் கதைதான்!

அவ்வளவு தூரம் போவானேன்? மன்னார்புரத்துக்குப் பக்கத்திலேயே பொன்மலை இருக்கிறது. ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்து டிசைன், நிலக்கரியில் ஓடியவை. பொன்மலை ரயில்வே பணிமனைக்காரர்கள் அவற்றை எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். 2011-லிருந்து அதே டிசைனில் புத்தம்புது நீராவி எஞ்சின்களையே கட்டிக் கொடுத்தார்கள். பல்சக்கரம், புகைபோக்கி, 'கூ' எல்லாம் பழசு. அடுப்பு மட்டும் புதுசு. ஊட்டிக்குப் போகிற யாரும் இது 'ஒரிஜினல் இல்லை' என்று டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றக் கூடாது என்ற அப்பாவின் கட்சி எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. காரணம், பிரேக். ஹெரால்டின் பிரேக் ஆயில் ஒரே லைனில் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. இன்றைய கார்களில் இரண்டு லைன். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். ஹெரால்டில் எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால், பெடல் அப்படியே தரையைத் தொட்டுவிடும். பல வருடம் நின்ற வண்டியில் அந்த ரப்பர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாத்தா காலத்தில் மன்னார்புரம் நால்ரோட்டில் எதிரே வந்தது மாட்டுவண்டியும் சைக்கிளும். இன்று அரசுப் பேருந்தும் கன்டெய்னர் லாரியும். ஆகவே ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்துச் சிலிண்டர்களின் ரப்பர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். வசதி இருந்தால் ஸ்பிட்ஃபயரில் வந்த முன் டிஸ்க் பிரேக்கை ஹெரால்டுக்கு மாட்டலாம். இரண்டுக்கும் முன் சஸ்பென்ஷன் ஒரே குடும்பம் என்பதால் சாத்தியம். பழைய டிரையம்ப் கார்களுக்கான உதிரி பாகங்களைப் புதிதாகவே விற்கும் கடைகள் இங்கிலாந்தில் இன்றும் இருக்கின்றன. இறக்குமதிச் செலவுதான் கையைக் கடிக்கும்.

அடுத்து பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. ஹெரால்டு அதை மனதில் வைத்துச் செய்யப்பட்ட வண்டி இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். பெட்ரோல் பைப் விரிசல் விட்டு, சொட்டுச் சொட்டாகச் சூடான எஞ்சின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், பம்புக்குப் புது டயாப்ரம், ஒரு ஃபில்டர்... இவற்றை மாற்றுவதற்கு அப்பா அனுமதி தர வேண்டும். மாதக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்கில் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள்.

மூன்றாவது, கரன்ட். பழைய ஹெரால்டில் இருப்பது டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது உருப்படியாகச் சார்ஜ் செய்யாது. சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கும். பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாதனம் செய்த லூகாஸ் நிறுவனத்துக்கு, அந்த ஊர்க்காரர்கள் 'இருட்டின் இளவரசன்' என்றே பட்டம் வைத்திருக்கிறார்கள். (அதே லூகாஸ் 1961-ல் டி.வி.எஸ்-ஸோடு கைகோத்து மெட்ராஸில் 'லூகாஸ் டி.வி.எஸ்' ஆனது தனிக்கதை.) நம்ம ஊர் மெக்கானிக்குகளின் கைவைத்தியம், மாருதி 800-ன் ஆல்டர்நேட்டர். ஒரு பிராக்கெட் வெல்டிங் செய்தால் உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: சில பழைய ஹெரால்டுகளில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஆல்டர்நேட்டரை மாட்டினால் அந்த நிமிடமே புகைந்துவிடும். அதைப் பார்க்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் மட்டும் கொடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம். மூடியைப் போட்டுவிட்டால் வெளியே தெரியாது. ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேன். அக்னி நட்சத்திரத்தில் திருச்சி டிராஃபிக்கில் நின்றவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டாம். சீட் பெல்ட், ரேடியல் டயர், சரி. ஏ.சி? எஞ்சினிடம் இருப்பதே 40 குதிரைசக்திக்கும் குறைவு. அதில் ஏ.சி-க்கும் பங்கு கொடுத்தால் மேம்பாலத்தில் பின்னால் வருகிறவர் ஹார்ன் அடித்தே களைத்துவிடுவார்.

இப்போது அண்ணனின் மாருதி எஞ்சின். முன்சக்கரங்களை ஓட்டும் 800 எஞ்சின் குறுக்காக உட்காரும், ஹெரால்டுக்குச் சரிவராது. நீளவாக்கில் உட்காரும் ஜிப்ஸி எஞ்சின் பொருந்தும். ஐந்து கியரும் கிடைக்கும். கடைசியாக வந்த ஜிப்ஸிகளில் 80 குதிரைசக்தி. கேட்கவே குஷியாக இருக்கிறது, இல்லையா? ஆனால், ஹெரால்டின் பின் ஆக்ஸில் 'ஸ்விங் ஆக்ஸில்' வகை. வேகமாக வளைவில் போய் திடீரென ஆக்ஸிலேட்டரை விட்டால், பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கி வண்டி தடுமாறும். ஸ்பிட்ஃபயரே இதற்காகத் திட்டு வாங்கி, 1970-ல் ஸ்பிரிங் அமைப்பை மாற்றியது. நம்ம கெஸலில் அந்த ஆக்ஸிலையே தூக்கிவிட்டுச் சாதாரண ஆக்ஸில் போட்டார்கள். அந்தச் சட்டத்தில், அந்த டிரம் பிரேக்கோடு, இரண்டு மடங்கு சக்தியை ஏற்றுவது என்ன கணக்கு? எஞ்சினை மாற்றினால் ஆக்ஸில், பிரேக், கியர் பெட்டி, புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் மாற வேண்டும். கடைசியில் தாத்தாவின் வண்டியில் மிஞ்சுவது பெயின்ட்டும் பானட்டும்தான்.

இந்த விஷயத்தில் ஸ்டாண்டர்டு நிறுவனமே நல்ல உதாரணம். 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு கார் விட்டார்கள். பாடி, ஐரோப்பாவில் பரிசு வாங்கிய ரோவர் காருடையது. உள்ளே வைத்தது, பழைய வேன்கார்டு கார் காலத்து எஞ்சின். புது மாப்பிள்ளைக்கு மாமனாரின் முட்டி! வண்டி ஓடவில்லை, சில வருடங்களில் தொழிற்சாலையே மூடப்பட்டது. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்பதுதான் கேள்வியே தவிர, புதுசா பழசா என்பது இல்லை.

சட்டமும் அண்ணனுக்கு எதிராக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அபராதத்தைவிடப் பெரிய தலைவலி, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கப்போகும் கேள்விகள்.

அப்பாவுக்கு ஒரு இனிப்புச் செய்தி. 2021 ஜூலையில் மத்திய அரசு 'வின்டேஜ்' வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால், மாநிலக் குழு பரிசீலித்து வின்டேஜ் பதிவு தரும். புதிதாகப் பதிய ₹20,000. பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே உள்ள பழைய நம்பரையே வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. பதிலுக்கு, தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போட என்று போய் வரலாம். ஜிப்ஸி எஞ்சின் ஏறிய நாளே இந்தக் கதவு மூடிவிடும்.

ஆகவே என் ஓட்டு: பிரேக், பெட்ரோல் பைப், வயரிங் விஷயத்தில் அண்ணன் பக்கம். எஞ்சின், பாடி விஷயத்தில் அப்பா பக்கம். வேலையை ஆரம்பிக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து, அதில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றுவதுதான் முதல் வேலை.

ஒன்று மறந்துவிட்டேனே. கழற்றும் டைனமோ, பாயின்ட் செட், பழைய பிரேக் டிரம் எதையும் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, பெயர் எழுதி ஒரு பெட்டியில் போட்டு பரணில் வையுங்கள். அலாய் வீலுக்கு அண்ணன் அடம்பிடித்தால் மாட்டிக்கொள்ளட்டும். தாத்தாவின் நான்கு வீல்களும் கேப்போடு அதே பரணுக்குப் போகட்டும்.