ஆக்டேன் ஏறினா மைலேஜ் ஏறுமா? யார் சொன்னது?

மார்ச் கணக்கு முடித்த களைப்பில் ஒரு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. மன்னிச்சுக்குங்க. இன்றைக்கு எழுத உட்கார வைத்தது ஒரு லோடு வண்டி.

புனேயில் எங்கள் கிளையில் கடன் வாங்கிய திருநெல்வேலிக்காரர் ஒருவர். இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு, பிம்ப்ரியிலிருந்து ஹடப்சர் வரைக்கும் கடைகடையாகப் போடுகிறார். வண்டி, பெட்ரோலில் ஓடும் மினி லாரி. நம்ம ஊரில் குட்டி யானை, இங்கே சோட்டா ஹாத்தி. இரண்டு தவணை தள்ளிப் போனதால் கூப்பிட்டு விசாரித்தேன். செலவுக் கணக்கைப் பிரித்தால், போட்டது அத்தனையும் விலை கூடின பிரீமியம் பெட்ரோல்!

"என்ன அண்ணாச்சி இது?"

"ஆக்டேன் கூட இருந்தா மைலேஜ் கூட வரும்லா சார். பம்புப் பையன் சொல்லுதான். நீங்களும் ஒங்க காருக்கு அதத்தான போடுதேன்னு சொன்னீய?"

சுருக்கென்றது. உண்மைதான். ஆறு வருஷமாகப் போட்டேன். ஒரு நாள் கூடக் கணக்குப் பார்த்ததில்லை. பி.காம். படித்துவிட்டு ஊரார் பேலன்ஸ் ஷீட்டையெல்லாம் துருவுகிற ஆள் நான்!

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஆக்டேன் என்பது பெட்ரோலின் 'சத்து' இல்லை. என்ஜினுக்குள் அழுத்தம் ஏறும்போது, கண்ட நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுத்திருக்கும் குணத்துக்கு ஒரு எண், அவ்வளவுதான். அந்தப் பொறுமை போதாவிட்டால் என்ஜின் 'நாக்' ஆகும், டக்டக்கென்று தட்டும். உங்கள் என்ஜினுக்கு 91 போதும் என்று தயாரித்தவரே சொல்லியிருந்தால், 95 போடுவதால் கூடுதலாக ஒரு கிலோமீட்டரும் வராது. (பெரிய லாரிகள் டீசல். அங்கே ஆக்டேன் பேச்சே கிடையாது, சீட்டேன்தான்.)

இப்போ நம்ம கணக்கு. சாதா பெட்ரோல் 105 ரூபாய், பிரீமியம் 113 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாவில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய். பிரீமியத்தில் அதே 7 ரூபாய்க்கு ஓட, 16.1 கிலோமீட்டர் தரவேண்டும். அது லாபம் இல்லை, நஷ்டம் இல்லாமல் இருக்க மட்டும்! மாசம் 150 லிட்டர் போடுகிறவருக்குக் கூடுதல் செலவு 1,200 ரூபாய். 60 மாசக் கடனில் 72,000 ரூபாய். அண்ணாச்சிக்குத் தவணை 10,600. ஏறக்குறைய ஏழு தவணைப் பணம் சார், புகையாகப் போகிறது.

நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016இல் சோதித்துப் பார்த்தது. சாதா பெட்ரோலுக்கென்று தயாரித்த வண்டிகளில் பிரீமியத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றது. முந்தின 12 மாசத்தில் அமெரிக்கர்கள் இப்படி வீணாக்கியது 210 கோடி டாலர் என்றும் சொன்னது.

அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம நாட்டையே பாருங்கள். இருபது சதம் எத்தனால் கலந்ததால் சாதா பெட்ரோலின் ஆக்டேன் 91இலிருந்து 95 ஆகிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகமே ஆகஸ்ட் 2025இல் சொன்னது. ஆக்டேன்தான் மைலேஜ் என்றால் நாடு முழுக்க மைலேஜ் எகிறியிருக்க வேண்டாமா? மாறாக, பழைய வகைக் கார்களில் 6-7 சதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டிருந்தது. ஏன்? எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஆனால் லிட்டருக்கு எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் ஏறியும் மைலேஜ் இறங்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"பிரீமியத்தில் என்ஜினைச் சுத்தம் செய்யும் சரக்கு இருக்கே" என்பீர்கள. இருக்கலாம். அது சேர்மானத்தின் வேலை, ஆக்டேனின் வேலை இல்லை. டர்போ என்ஜினுக்கு, கையேட்டில் 95 கட்டாயம் என்று போட்டிருந்தால் தாராளமாகப் போடுங்கள். 'போட்டால் நல்லது' என்று மட்டும் சொல்லும் வண்டிகளில், அதே ஏ.ஏ.ஏ. 2017இல் பார்த்தபோது சராசரியாக 2.7 சதம்தான் கூடியது. நம்ம கணக்குக்கு 7.6 சதம் வேண்டும்.

பம்புப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லச் சொன்னதைச் சொல்கிறான். கோபமெல்லாம் நம்மைப் போன்ற படித்தவர்கள் மேல்தான். நாம் பந்தாவுக்குப் போடுகிறோம், நம் சம்பளம் தாங்கும். அதைப் பார்த்து, 'ஆபீசரே போடுறாரு' என்று நம்புகிறவர் தவணையில் கைவைக்கிறார். ஊர் விட்டு ஊர் வந்து வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு நாம் இலவசமாகத் தருகிற ஆலோசனை, அவருக்கு இலவசம் இல்லை.

அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டு, வண்டிக் கையேட்டைச் சேர்ந்து படித்தோம். 91 என்றுதான் இருந்தது. மறுநாளிலிருந்து அவரும் சாதா, நானும் சாதா.

'இல்லை சார், என் வண்டிக்கு நிஜமாகவே கூடுது' என்கிறவர்கள், டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, அதில் ஐந்து தடவை, இதில் ஐந்து தடவை கணக்கெழுதிக் கொண்டு வாங்க. நோட்டைப் பார்த்துப் பேசுவோம்.