தேசிக்காய்த் தண்ணியும் ஒரு சிட்டிகை உப்பும்



தை மாசி வந்தால் யாழ்ப்பாணத்து வீதிகளில் இல்ல விளையாட்டுப் போட்டி மரதன் களைகட்டிவிடும். போன கிழமை எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்று வேடிக்கை பார்த்தேன். வெறுங்காலோடு ஓடிவந்த பொடியன் ஒருவன் மதகில் அப்படியே குந்திவிட்டான். கன்னத்தில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"காலமை என்ன சாப்பிட்டனி?"

"பிளேன்டீ மட்டும் குடிச்சனான், சேர்."

தண்ணி? முகத்தைக் கழுவியதோடு சரி. நாங்கள் ஓடிய காலத்திலும் இதே கதைதான். "ஓடேக்க தண்ணி குடியாதை, விலா குத்தும்" என்று வெருட்டியே ஓடவிட்டார்கள்.

உடல் எடையில் 2 வீதம் வேர்வையாகப் போனாலே நீண்ட ஓட்டத்தில் கால் தளரத் தொடங்கும். 50 கிலோ பிள்ளைக்கு அது ஒரு லீற்றர்தான். இரத்தத்தில் நீர் குறையக் குறைய இதயம் வேகமாக அடிக்கிறது, உடம்புச் சூடும் ஏறுகிறது. ஓட்டத்துக்கு மட்டுமல்ல, துடுப்பாட்டத்துக்கும் இது பொருந்தும். 1904 முதல் யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் துடுப்பாட்டத்தில் மோதும் 'வடக்கின் பெருஞ்சமர்' மார்ச் வெயிலில்தான் நடக்கிறது. பின்னேரம் ஒருவன் பிடியைத் தவறவிட்டால் கூக்காட்டுகிறோம். காலையிலிருந்து அவன் எத்தனை மிடறு குடித்தான் என்று யார் கேட்டோம்?

கடைகளில் நிறம் நிறமாக விற்கும் விளையாட்டுப் பானங்களுக்கு முன்னோடி கேட்டரேட். 1965இல் புளோரிடா பல்கலைக்கழக ஆட்டக்காரர் வெயிலில் சோர்வதைப் பார்த்து மருத்துவர்கள் கலக்கியது அது. தண்ணி, சீனி, உப்பு, எலுமிச்சைச் சாறு. சிரிப்பு வருகிறதா? எங்கள் ஆச்சிமார் கரைத்துத் தந்ததும் இதுதானே!

இளநீரும் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. வேர்வையில் கூடுதலாகப் போவதோ சோடியம். ஆகவே ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுங்கள். ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னர் பிட்டும் வாழைப்பழமும் போதும். எண்ணெயில் பொரித்த றோல்ஸ் வயிற்றிலேயே கிடக்கும், அதை வெற்றிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பயத்தில் போத்தல் போத்தலாகவும் குடிக்க வேண்டாம், இரத்தத்தில் உப்பு ஐதாகிவிடும். தாகத்துக்கு மிடறு மிடறாகக் குடித்தால் சரி.

பொடியனுக்கு ஒரு செம்பு தேசிக்காய்த் தண்ணி கொடுத்தோம். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பி நடந்தான்.

உங்கள் வீடும் மரதன் பாதையில் இருந்தால், அன்றைக்குப் படலையடியில் ஒரு வாளி கரைத்து வையுங்கள். உப்பை மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்