மனச்சிதைவு நோய்: மூளைத் திசு சொல்லும் செய்தி

காதில் குரல் கேட்கிறது என்று இளவயதுப் பிள்ளை சொன்னால் செய்வினை என்றும் காற்று சேட்டை என்றும் பூசாரியைத் தேடும் குடும்பங்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு.

மனச்சிதைவு நோயின் வேர் மூளையில் இருப்பதற்கு வலுவான சான்று 2016-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. சுமார் 65,000 பேரின் மரபணுத் தகவல்களையும், இறந்தவர்களின் ஏறக்குறைய 700 மூளைத் திசு மாதிரிகளையும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஆராய்ந்தது. ‘சி4’ என்ற மரபணுவின் சில வடிவங்கள் இந்நோயின் அபாயத்தைக் கூட்டுவது தெரியவந்தது.

வளரும் வயதில் மூளை, வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழித்துவிடும். எலிகளிடம் இந்த வேலைக்கு சி4 துணைபுரிந்தது. மனிதர்களிடம் அது அளவு மீறுவதும் நோய்க்கு ஒரு காரணமாகலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ஆகவே, பெற்றோர் வளர்ப்பைக் குறைசொல்வதில் நியாயமில்லை. மரபணு என்றதும் ‘பரம்பரை நோய்’ என்று சம்பந்தத்தை முறிப்பதும் தவறு. அபாய வடிவம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை.

இந்நோயை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க இன்னும் வழியில்லை. மருத்துவர் பேசி, கவனித்துத்தான் உறுதிசெய்கிறார். கட்டுப்படுத்த மருந்து இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் காட்டினால் மனநல மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்கள். பரிகாரம் தேடிக் கழியும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்குத்தான் இழப்பு.