மண்ணும் பூதக்கண்ணாடியும்

நம் தேசத்துக் குடியானவனுக்கு அவனுடைய மண்ணைப் பற்றிப் புத்தி சொல்லுவோர் இன்று பலர். உரக்கடைக்காரர் சொல்லுகிறார்; விவசாய இலாகா உத்தியோகஸ்தர் சொல்லுகிறார்; பரிசோதனைச் சாலையிலிருந்து வரும் அட்டையும் சொல்லுகிறது. சொல்லப்படுவது மெய்யா என்று தன் கண்ணாலேயே பார்த்துத் தெளியும் சாதனம் அவனிடம் உண்டா? இல்லை. இக்குறையை நீக்கப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஊருக்கு ஒரு மைக்ராஸ்கோப், அதாவது ஒரு பூதக்கண்ணாடி, இருந்தால் போதும் என்பது நமது அபிப்பிராயம்.

மத்திய ஸர்க்காரின் மண்வள அட்டைத் திட்டம் 2015-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி ராஜஸ்தானத்துச் சூரத்கட்டில் ஆரம்பிக்கப்பட்டது. அவ்வட்டையில் 12 அம்சங்கள் குறிக்கப்படுகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீஸ், போரான் ஆகிய ஒன்பது சத்துக்களும், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரி ஆகிய மூன்று குணங்களும் அவை. அளவறியாமல் யூரியாவைக் கொட்டும் வழக்கத்துக்கு இஃதோர் அங்குசம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பன்னிரண்டில் உயிருள்ளது எது? அங்ககக் கரி ஒன்றுதான் உயிரின் சுவடு. அதுவும் மறைமுகமான சாட்சியே. உக்கிராணத்திலுள்ள பண்டங்களுக்கெல்லாம் ஜாபிதா எழுதிவிட்டு, சமைக்கிறவன் உயிரோடிருக்கிறானா என்று விசாரியாமல் திரும்புவதை ஒக்கும் இது.

மண்ணில் சமைக்கிறவர்கள் சூக்ஷ்ம ஜீவிகளே. நல்ல மண்ணில் ஒரு கிராமுக்குள் 100 கோடி வரையில் பாக்டீரியாக்கள் வாழ்வதுண்டு. அவை இலை தழைகளை அழித்துச் சத்தாக்குகின்றன. பூசண இழைகள் மண் துகள்களைப் பிணைத்து, நீரும் காற்றும் புக இடம் செய்கின்றன. புரோட்டோசோவா என்னும் சிற்றுயிர்கள் பாக்டீரியாக்களைத் தின்று, தமக்கு மிஞ்சிய தழைச்சத்தை வேரின் அருகே விடுகின்றன. இவ்வளவு பெரிய குடும்பம் பட்டினி கிடந்தால், மூட்டை மூட்டையாய் உரமிட்டும் பயன் என்ன?

இவ்வுலகத்தை முதன்முதல் கண்டவர் சர்வகலாசாலைப் பண்டிதரல்லர். ஹாலந்து தேசத்து டெல்ப்ட் நகரில் ஜவுளி வியாபாரம் செய்த லேவன்ஹூக் என்பவர். லத்தீன் பாஷை அறியாத அவர் தம் கையாலேயே கண்ணாடியைத் தேய்த்து, நீர்த்துளியில் கண்ட அணுப்பிராணிகளைப் பற்றி 1676-ம் வருஷம் லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், அதே டெல்ப்ட் நகரில் ஓர் ஈஸ்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெயரிங்க் என்பவர், பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவை 1888-ல் பிரித்தெடுத்தார். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருவது அதுவே. நெல் அறுத்த தாளில் உளுந்தும் பயறும் விதைக்கும் காவிரிப் பாசனக் குடியானவன் அனுபவத்தால் அறிந்ததன் காரணம் அதனால் விளங்கிற்று. 1905-ல் இந்தியாவுக்கு வந்து, 1924 முதல் 1931 வரை இந்தூரில் எருத் தயாரிப்பை ஆராய்ந்த ஆல்பர்ட் ஹோவர்ட், தமக்கு ஆசிரியர்கள் இந்நாட்டுக் குடியானவர்களே என்று கூறிக்கொண்டார். அந்த ஆசிரியர்களின் கையில் இன்னும் ஒரு பூதக்கண்ணாடி இல்லையென்பது விசித்திரமல்லவா?

செய்யவேண்டிய காரியம் எளிது. வேரடியில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, ஐந்து பங்கு சுத்த நீரில் மெல்லக் கலக்கி, ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நோக்க வேண்டும். 400 மடங்கு பெருக்கிக் காட்டும் சாதாரணப் பள்ளிக்கூடக் கருவியில் பாக்டீரியாக்கள் புள்ளிகளாய்த் தெரியும்; பூசண இழைகளும், நீந்தும் புரோட்டோசோவாக்களும், நெளியும் நூற்புழுக்களும் நன்றாகத் தெரியும். நூற்புழுவின் வாயில் ஈட்டி போன்ற ஊசியிருந்தால் அது வேரைக் குத்தி உறிஞ்சும் இனமாக இருக்கக்கூடும். ஊசியில்லாதவற்றுள் பல பாக்டீரியாவைத் தின்று மண்ணுக்கு உதவுவன. புழுவென்ற மாத்திரத்தில் விஷத்தை வாங்கி ஊற்றுகிறவனுக்கு இந்த ஒரு பாடமே போதுமானது.

வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு துளி ஒரு காணியாகாது; பல இடத்து மண்ணைப் பார்க்க வேண்டும். தண்ணீர் நிற்கும் நன்செய்யில் காண்பது வேறு, புன்செய்யில் காண்பது வேறு. புள்ளியைப் பார்த்துப் பாக்டீரியாவின் பெயரைச் சொல்ல முடியாது. அதற்குப் பரிசோதனைச் சாலை வேண்டும். ஒரு துளியைக் காட்டிப் பயமுறுத்தித் தம் புட்டியை விற்க வருவோரும் உண்டு. ஆனால் ஒரே வயலைப் போகத்துக்குப் போகம் பார்த்துக் குறித்து வருகிறவன், எரு இட்டதும் இடாததும் என்ன செய்தன என்பதைத் தானே அறிவான். அவனை ஏய்ப்பது எளிதன்று.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் காகிதத்தை மடித்தே ஒரு பூதக்கண்ணாடி செய்து, 2014-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அதற்கான பொருள்களின் விலை ஒரு டாலருக்கும் குறைவு. நூற்புழுவையும் பூசண இழையையும் காண அதுவே உதவும். அதனினும் வலிய கருவிகள் நம் மேல்நிலைப் பள்ளிகளின் பீரோக்களில் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் அவற்றை ஊராருக்குத் திறந்துவிடத் தடை என்ன?

ஆகவே மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். மண்வள அட்டையில் மண்ணின் உயிருக்கும் ஓர் இடம் தரப்பட வேண்டும். விவசாயக் கூட்டுறவு சங்கம் ஒவ்வொன்றிலும் ஒரு பூதக்கண்ணாடியும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஓர் இளைஞனும் இருக்க வேண்டும். தேச ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்கள் கிராமங்களுக்குச் செல்லும்போது பிரசங்கத்தோடு நில்லாமல் இக்கருவியையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். தன் வயலின் நிலைமையைப் பிறர் வாய்ச்சொல்லால் மட்டுமே அறிகிறவன், நிலம் தன் பெயரில் இருந்தும் பராதீனனே. அந்த அடிமைத்தனம் ஒழிவதும் சுயராஜ்யத்தின் ஒரு பகுதி என்பதை நேயர்கள் மறவாதிருப்பார்களாக.