பாறைக்கு ஆள் உண்டு

இந்த வாரம் ஒரு சுற்றுலாப் பிரசுரம் எனக்குக் கோபமூட்டிவிட்டது. இலங்கை மலையகத்தின் எல்ல, நமுனுகுல பக்கத்துச் செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி ஏற வாருங்கள் என்று அழைக்கிறது. தாராளமாக வரட்டும். ஆனால் இவை மனிதர் தொடாத பாறைகளாம்!

பழைய முறையில் ஏறுகிறவர்களை நான் மதிக்கிறேன். முன்னால் போகிறவர் பாறை வெடிப்பில் உலோக ஆப்பு செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறுவார். கயிறு தீருமுன் ஒரு திட்டில் நின்று, தன்னைப் பாறையோடு பிணைத்துக்கொண்டு கூட்டாளியை மேலே வரவழைப்பார். கூட்டாளி ஆப்புகளைக் கழற்றியபடி வந்து சேர்வார். பிறகு அடுத்த கட்டம். ஆனால் இவர்களுக்கு வெகு முன்பே மலைகளில் ஆட்கள் ஏறியிருக்கிறார்கள்.

மலைபடுகடாத்தில் எனக்குள்ள பித்து இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான அந்த 583 அடிப் பாட்டை மலையேறும் கையேடாகவே படிக்கலாம். நன்னன் என்னும் மன்னனைக் காணப் போகும் கூத்தருக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்கிறார்: பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு கிடக்கும் குழி எங்கே, தினைக்காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, வழுக்கும் பாறையில் எதைப் பிடிப்பது. குரங்கும் ஏறமுடியாத மலைமுகத்தில் மால்பு என்னும் மூங்கில் ஏணி நட்டுத் தேன் எடுத்தவர்களும் அதில் உண்டு. அங்கே மலை யாருமற்ற இடமல்ல. ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் ஆள், அவருக்கு ஒரு வேலை.

நம் பதுளை மாவட்டத்துத் தம்பானையில் வேடர் இன்றும் வாழ்கிறார்கள். வேடர் பாறை உச்சியிலிருந்து கொடி ஏணியைத் தொங்கவிட்டு மலைத்தேன் எடுத்ததை மானுடவியலாளர்களான செலிக்மன் தம்பதி 1911இல் தம் நூலில் எழுதிவைத்தார்கள். தொடாத பாறையாம்!

தேனீயைப் பற்றிப் பிரசுரத்தில் ஒரு சொல் இல்லை. பாறை நெற்றியில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டைக் கலைத்தால், அது ஏறியவரோடு நிற்காது. கீழே கொழுந்து எடுக்கும் பெண்கள் மீதும் பாயும். முதுகில் கூடையோடு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, சரிவில் அவர்கள் எங்கே ஓடுவார்கள்? தேனீயும் குளவியும் கொட்டித் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி மலையகத்தில் ஓய்ந்ததே இல்லை. உயிர்களும் போயிருக்கின்றன.

அமெரிக்காவின் யோசெமிட்டியில், வல்லூறு கூடு கட்டும் பருவத்தில் சில பாறைகளை ஏறுபவர்களுக்கு மூடிவிடுகிறார்கள். ஒரு பறவைக்குத் தரும் மதிப்பை இங்கே மனிதர்களுக்காவது தரவேண்டும். பாதை வகுக்கிறவர்கள் முதலில் தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு வரட்டும். எந்தப் பாறையில் எப்போது தேனீ கூடு வைக்கும், எந்த மலையில் எப்போது ஆள் நிற்கும் என்று அங்கே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அதை அச்சிட்ட பிறகு விருந்தினரை அழைக்கட்டும். நானே வழிகாட்ட வருகிறேன்.